விவாகரத்தானால் விசாவும் கிரீன் கார்டும் என்ன ஆகும்? அமெரிக்காவில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திருமணத்தின் வழியாக அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ பெற்றவர்கள், மணவாழ்க்கை முறியும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. உதவி கேட்டு அழைப்பவர்களிடம் தன்னார்வலராகப் பேசிப் பேசி அவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

டைவர்ஸ் ஆயிட்டா கிரீன் கார்டு போயிடுமா?

உங்களிடம் இருப்பது பத்து வருட கார்டு என்றால் போகாது. அந்தக் கார்டு கிடைத்த நாளோடு உங்கள் நிரந்தரக் குடியிருப்பு உங்களுடையதாகிவிட்டது. அதன் பிறகு திருமணம் நிலைத்ததா முறிந்ததா என்பதை வைத்து அது தானாக ரத்தாவதில்லை. பத்து வருடம் முடிந்து ஐ-90 படிவத்தில் கார்டைப் புதுப்பிக்கும்போதும் கணவரோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இரண்டு வருட கார்டு, நிலுவையில் உள்ள விண்ணப்பம், எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) போன்ற சார்பு விசா என்றால் பதில் மாறும். விவாகரத்துத் தீர்ப்பு கையெழுத்தாகும் நாளில் நீங்கள் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

என் கார்டுல ரெண்டு வருஷம்தான் போட்டிருக்கு. அது வேற வகையா?

ஆமாம், அது நிபந்தனைக்குட்பட்ட கிரீன் கார்டு. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்த நாளில் உங்கள் திருமணத்துக்கு இரண்டு வயது நிறைந்திருக்கவில்லை என்றால் இந்தக் கார்டுதான் கொடுப்பார்கள். பொய்த் திருமணங்களைத் தடுக்க 1986-ல் கொண்டுவந்த சட்டத்தின் ஏற்பாடு இது. கார்டின் முன்பக்கத்தில் வகை குறிக்கும் இடத்தில் சிஆர்1 அல்லது சிஆர்6 என்று இருக்கும். அந்த இடத்தில் ஐஆர் என்று தொடங்கினால் நிபந்தனை இல்லாத கார்டு.

சிஆர் கார்டு உள்ளவர்கள், அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற விண்ணப்பத்தைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போட வேண்டும். அது ஏற்கப்பட்டால் நிபந்தனை நீங்கிப் பத்து வருட கார்டு வரும். போடாமல் விட்டால் இரண்டு வருடம் முடியும் நாளில் அந்தஸ்து தானாகவே முடிந்துவிடும்.

அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். நான் மட்டும் தனியா போட முடியுமா?

முடியும். அதே ஐ-751 படிவத்திலேயே, கூட்டாகப் போடும் நிபந்தனையிலிருந்து விலக்கு கேட்கும் பகுதி இருக்கிறது. உண்மையாக நடந்த திருமணம் விவாகரத்தில் முடிந்தது, உண்மையாக மணந்தும் துணையின் வன்முறைக்கோ கொடுமைக்கோ ஆளானது, நாட்டை விட்டு அனுப்பினால் மிகக் கடுமையான பாதிப்பு வரும் என்பது, துணை இறந்துபோனது என்று அதற்குக் காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களையும் சேர்த்துக் கேட்கலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: விலக்கு கேட்டுப் போடுபவர்களுக்கு அந்த 90 நாள் கணக்கு கிடையாது. விவாகரத்து முதல் வருடத்திலேயே முடிந்துவிட்டாலும் அப்போதே போடலாம். கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 750 டாலர். ரசீதுக் கடிதம் வந்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். 2023 முதல் அந்தக் கடிதமே பழைய கார்டின் செல்லுபடியை 48 மாதம் நீட்டிக்கிறது. வேலைக்கும் பயணத்துக்கும் பழைய கார்டையும் அந்தக் கடிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கோர்ட்ல கேஸ் இன்னும் முடியல, ஆனா கார்டு தேதி அடுத்த மாசம் முடியுது. இப்ப என்ன பண்றது?

விவாகரத்து என்ற காரணத்துக்கு இறுதித் தீர்ப்பு வேண்டும். வழக்குப் போட்டதற்கான காகிதம் போதாது. அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டத்தின்படி நடக்கிறது. கலிபோர்னியாவில், மனு எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் ஆகாமல் தீர்ப்பு வராது. டெக்ஸஸில் மனு போட்டதிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு இழுத்தடித்தால் எங்கேயும் வருடக்கணக்கில் போகும்.

அதற்காகக் கார்டு தேதியைத் தவறவிடாதீர்கள். வழக்கு நடக்கிறது என்ற விவரத்தோடு விலக்கு கேட்டுப் போட்டால், யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றத் துறை வழக்கமாக உடனே நிராகரிக்காது. தீர்ப்பு நகலைக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பும். அதற்குப் பதில் தர அதிகபட்சம் 87 நாள் கிடைக்கும். துணை இன்னும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தால் கூட்டாகவே போடலாம், ஆனால் பிரிந்து வாழ்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது. பிறகு தீர்ப்பு வந்ததும், அதே விண்ணப்பத்தை விலக்குக்கு மாற்றும்படி எழுதிக் கேட்கலாம். புதிதாகப் பணம் கட்டித் தொடங்க வேண்டியதில்லை.

நாங்க ஒண்ணா இருந்ததே பத்து மாசம்தான். இதை உண்மையான கல்யாணம்னு எப்படி நம்புவாங்க?

திருமணம் எத்தனை நாள் நீடித்தது என்பது கேள்வி இல்லை. மணம் முடித்த நாளில் இருவருக்கும் சேர்ந்து வாழும் எண்ணம் உண்மையாக இருந்ததா என்பதைத்தான் பார்க்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து தாக்கல் செய்த வருமான வரி, காப்பீட்டில் துணையின் பெயர், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆகியவை முதல் வரிசை ஆதாரங்கள். வங்கிக் கணக்கு என்றால், அதில் உண்மையாகவே மளிகைச் செலவும் வாடகையும் போயிருப்பதைக் காட்டும் அறிக்கைகளாகப் பார்த்துக் கொடுங்கள். நூறு டாலர் போட்டு அப்படியே விட்ட கணக்கு எதையும் நிரூபிக்காது.

நம் பக்கத்துத் திருமணங்களில் எல்லாக் கணக்கும் கணவர் பெயரில் மட்டும் இருப்பது சாதாரணம். அப்படிப்பட்டவர்கள் கலங்க வேண்டாம். பெண் பார்த்ததிலிருந்து தொடங்குங்கள்: இரு வீட்டாரும் பேசிக்கொண்ட மெசேஜ்கள், நிச்சயதார்த்தப் படங்கள், பத்திரிகை, மண்டப ரசீது, விமான டிக்கெட், மாமனார் மாமியார் வந்து தங்கிய நாட்களின் படங்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணத்தில் இரண்டு மூன்று சந்திப்போடு தாலி கட்டுவது ஏன் இயல்பு என்பதை உங்கள் வாக்குமூலத்தில் நீங்களே விளக்குங்கள். அதிகாரிக்கு அது தெரிந்திருக்கும் என்று விட்டுவிடக் கூடாது.

எங்கே, எப்போது, எதனால் முறிந்தது என்பதும் அந்த வாக்குமூலத்தில் வரட்டும். மண ஆலோசகரிடம் போயிருந்தால் அந்த ரசீதுகூட நல்ல ஆதாரம். காப்பாற்ற முயன்றீர்கள் என்பதை அது சொல்லும். கோபத்தில் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழித்துவிடாதீர்கள். நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

டைவர்ஸ் கேட்டது நான்தான். தப்பு என் மேலன்னு எடுத்துக்குவாங்களா?

மாட்டார்கள். விலக்குக்கு யார் மனு போட்டது என்பதோ யார் மேல் தவறு என்பதோ கணக்கில்லை. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் யார் மீதும் குற்றம் சாட்டாமலே விவாகரத்துப் பெற வழி இருக்கிறது. திருமணமே செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்திருந்தாலும் இதே விலக்கைக் கேட்கலாம், அது பொய்த் திருமணம் என்ற காரணத்தால் அறிவிக்கப்பட்டதாக இல்லாத வரை.

"ஒரு போன் பண்ணினா போதும், உன் கிரீன் கார்டை கேன்சல் பண்ணிடுவேன்"னு மிரட்டறார். நிஜமா முடியுமா?

முடியாது. கிடைத்துவிட்ட கிரீன் கார்டை ரத்து செய்யும் அதிகாரம் எந்தக் கணவருக்கும் மனைவிக்கும் இல்லை. பத்து வருட கார்டைப் பறிக்க வேண்டுமானால் அரசு காரணம் காட்டி நோட்டீஸ் கொடுத்து, பொதுவாகக் குடியேற்ற நீதிபதி முன் நிரூபிக்க வேண்டும். அங்கே உங்கள் தரப்பைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கோபத்தில் ஒருவர் எழுதிப்போடும் புகாரை மட்டும் வைத்து அது நடந்துவிடாது.

அவரால் செய்ய முடிந்தவையும் உண்டு. கார்டு இன்னும் வராத நிலையில், உங்களுக்காகப் போட்ட ஐ-130 மனுவை அவர் திரும்பப் பெறலாம். கூட்டாகப் போட்ட ஐ-751-லிருந்து விலகிக்கொள்ளலாம். பொய்த் திருமணம் என்று புகார் எழுதலாம். இவற்றுக்குப் பதில்தான் மேலே சொன்ன ஆதாரங்கள். இந்த ஒரே மிரட்டலுக்குப் பயந்து வருடக்கணக்கில் அடங்கிக் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலரிடம் பத்து வருட கார்டே இருந்தது; அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கிரீன் கார்டு இன்டர்வியூ முடிஞ்சிருச்சு, கார்டு இன்னும் வரல. அதுக்குள்ள டைவர்ஸ் ஆனா?

துணையின் மனுவை நம்பிப் போட்ட ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஏற்பு நாளில் திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை வைத்துப் பெற்ற வேலை அனுமதியும் பயண அனுமதியும் அதோடு போகும். உங்கள் பெயரிலேயே எச்-1பி போன்ற விசா உயிரோடு இருந்தால் அதில் தொடரலாம். கொடுமை நடந்திருந்தால் தனி வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

"சொல்லாம இருந்துட்டா கார்டு வந்துடும்ல?" என்று கேட்டவர்கள் உண்டு. வந்துவிடலாம். ஆனால் தீர்ப்புத் தேதியும் கார்டு ஏற்கப்பட்ட தேதியும் என்றைக்குமே காகிதத்தில் இருக்கும். குடியுரிமைக்குப் போகும்போது அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு இழப்பது கார்டோடு நிற்காது. மறைக்கவே கூடாது.

நான் எச்-4ல இருக்கேன். டைவர்ஸ் ஆனா எத்தனை நாள் டைம் கொடுப்பாங்க?

கொடுப்பதில்லை. விவாகரத்து இறுதியாகும் நாளிலேயே எச்-4 அந்தஸ்து முடிகிறது, அதை நம்பிய வேலை அனுமதியும் முடிகிறது. எதுவரை தங்கலாம் என்று குறிக்கும் ஐ-94 பதிவில் இன்னும் இரண்டு வருடம் மிச்சம் இருந்தாலும் இதுதான். எச்-1பி வேலை போனவர்களுக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம் நமக்கும் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அது வேலை இழப்புக்கான அவகாசம், விவாகரத்துக்கு இல்லை. கம்பெனி மாற்றலில் வந்தவரின் துணைக்குத் தரும் எல்-2 விசாவுக்கும் இதே நிலைமைதான்.

பிரிந்து வாழ்வது வேறு, விவாகரத்து வேறு. தனி வீட்டில் இருந்தாலும், வழக்கு நடந்துகொண்டிருந்தாலும், தீர்ப்பு வரும்வரை சட்டப்படி நீங்கள் மனைவிதான், அல்லது கணவர்தான், எச்-4 தொடர்கிறது. அந்த இடைக்காலம்தான் உங்களுக்குள்ள நேரம்.

அந்த இடைக்காலத்துல என்ன பண்ணலாம்?

தீர்ப்புக்கு முன்பே ஐ-539 படிவத்தில் வேறு அந்தஸ்துக்கு மாற விண்ணப்பிக்கலாம். படிக்க இடம் கிடைத்தால் எஃப்-1. வழக்கை முடித்து, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டுக் கிளம்ப அவகாசம் வேண்டுமென்றால் பி-2 என்ற பார்வையாளர் அந்தஸ்து. வேலை கொடுக்க ஒரு நிறுவனம் தயாராக இருந்தால் எச்-1பி, அதற்கு ஐ-539 இல்லை, அந்த நிறுவனமே மனு போட வேண்டும். இதற்கு முன் எச்-1பி வைத்திருந்து ஆறு வருடம் முழுதாகப் பயன்படுத்தாதவர்கள், பொதுவாக எச்-1பி-க்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் லாட்டரிக்குள் மீண்டும் போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டு எச்-4-க்கு மாறிய பல பெண்களுக்கு இதுதான் கதவு, அதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்களில் பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது. "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று நல்லெண்ணத்தோடு தேதி வாங்கிவிடுவார்கள். அந்தத் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். இருவரும் சுமுகமாகப் பிரிகிறீர்கள் என்றால், மாற்று அந்தஸ்து கிடைக்கும்வரை தீர்ப்பைத் தள்ளிவைக்க ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

அவரோட கம்பெனி மூலமா கிரீன் கார்டு க்யூல பன்னிரண்டு வருஷமா நிக்கறோம். எனக்கும் அதுல பாத்தியதை இல்லையா?

வேதனையான பதில்: இல்லை. வேலை வழியாக வரும் இபி-2, இபி-3 வரிசையில் இடம் முதன்மை விண்ணப்பதாரருடையது. துணையாக நீங்கள் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். உங்கள் கார்டு ஏற்கப்படுவதற்கு ஒரு நாள் முன்பு விவாகரத்து ஆனாலும் எத்தனை வருடம் காத்திருந்தீர்கள் என்பது செல்லாது. அவருக்குக் கார்டு வந்து, உங்களுடையது இன்னும் நிலுவையில் இருந்தாலும் இதே முடிவுதான். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த வரிசை பல வருடம் நீள்வதால் இது மற்ற நாட்டவரைவிட நம்மைத்தான் அதிகம் வதைக்கிறது. இந்த விதி நியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறுபக்கம், உங்கள் கார்டு ஏற்கப்பட்டுவிட்டால் அடுத்த நாளே விவாகரத்து ஆனாலும் அது நிற்கும், திருமணம் உண்மையாக இருந்த வரை. கம்பெனி வழியாக வரும் இந்தக் கார்டுகளில் இரண்டு வருட நிபந்தனையும் இல்லை. வகை குறிக்கும் இடத்தில் இ என்ற எழுத்தில் தொடங்கியிருக்கும். உங்களுக்கும் தொழில் தகுதி இருந்தால், மணவாழ்க்கை நன்றாக இருக்கும்போதே உங்கள் பெயரில் தனியாக ஒரு மனு போட்டு வரிசையில் இடம் பிடித்துவைப்பது நல்லது.

வீட்டுல அடி உதை. வெளிய போனா விசா போயிடும்னு பயமா இருக்கு.

முதலில் உயிர். அவசரம் என்றால் 911. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233, இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம். நியூ ஜெர்சியில் மானவி, நியூயார்க்கில் சகி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மைத்ரி, சிகாகோவில் அப்னா கர், அட்லாண்டாவில் ரக்ஷா, ஹூஸ்டனில் தயா என்று தெற்காசியர்களுக்காகவே நடக்கும் அமைப்புகள் இருக்கின்றன. நம் வீட்டு நிலைமையை அடியிலிருந்து விளக்க வேண்டிய அவசியம் அங்கே இருக்காது.

கொடுமை செய்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், வாவா எனப்படும் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீங்களே உங்களுக்காக ஐ-360 மனு போடலாம். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. கொடுமை காரணமாக விவாகரத்து ஆகியிருந்தால், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு ஏற்கப்படுவதற்கு முன் மறுமணம் செய்துகொண்டால் அது போய்விடும். அடி மட்டும்தான் கொடுமை என்று இல்லை: பணத்தைப் பூட்டிவைப்பது, யாரோடும் பேசவிடாமல் செய்வது, விசாவைச் சொல்லி மிரட்டுவது எல்லாம் கணக்கில் வரும். பெயரில் பெண்கள் என்று இருந்தாலும் ஆண்களும் இதே மனுவைப் போடலாம்.

அவர் எச்-1பி-யில் மட்டும் இருக்கிறார் என்றால் இந்த மனு பொருந்தாது. ஆனால் கொடுமைக்கு ஆளான எச்-4 துணைகளுக்கு ஐ-765வி என்ற படிவத்தில் வேலை அனுமதி கேட்க வழி இருக்கிறது. குற்றத்துக்கு ஆளாகிப் போலீஸுக்கு ஒத்துழைத்தவர்களுக்கு யு விசா உண்டு. ஆண்டுக்கு 10,000 பேருக்கு மட்டும் என்பதால் காத்திருப்பு நீளம். எல்லாவற்றுக்கும் போலீஸ் அறிக்கை, மருத்துவக் குறிப்பு, தோழியிடம் அழுதுகொண்டே அனுப்பிய மெசேஜ் வரை எல்லாமே ஆதாரம்தான்.

பாஸ்போர்ட், கார்டு எல்லாத்தையும் அவர் எடுத்து வச்சிட்டார்.

காகிதம் போனால் அந்தஸ்து போகாது. போலீஸில் புகார் எழுதிக்கொடுத்து நகல் வாங்குங்கள். அதை வைத்து இந்தியத் தூதரகத்தில் மாற்றுப் பாஸ்போர்ட் கேட்கலாம், கிரீன் கார்டுக்கு ஐ-90 போடலாம். ஊருக்கு அழைத்துப்போய் அங்கே விட்டுவிட்டு இவர் மட்டும் திரும்பிவிடுவதும் நடக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர் அப்படி மாட்டிக்கொண்டால், அமெரிக்காவை விட்டு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஐ-131ஏ படிவத்தோடு அமெரிக்கத் தூதரகத்தை அணுகித் திரும்பிவர அனுமதிக் காகிதம் கேட்கலாம். அந்த ஒரு வருடத்தைத் தாண்டவிடாதீர்கள்.

வீட்டை விட்டு வந்துட்டேன். அட்ரஸ் மாத்தினதை யாருக்காவது சொல்லணுமா?

குடியேற்றத் துறைக்கு 10 நாட்களுக்குள் சொல்ல வேண்டும், ஏஆர்-11 என்ற படிவம், ஆன்லைனில் இலவசம். இதை அலட்சியப்படுத்தியதால் ஏற்பட்ட இழப்புகள் அதிகம். அந்த 87 நாள் கடிதமோ நேர்காணல் அழைப்போ பழைய வீட்டுக்குப் போகும். அங்கே இருப்பவர் அதை உங்களிடம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தபால் துறையில் முகவரி மாற்றுவது போதாது. துறையின் இணையக் கணக்கில் நுழைந்து, ஒவ்வொரு நிலுவை விண்ணப்பத்திலும் முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும், அதோடு சேர்ந்த மின்னஞ்சலும் அவருக்குத் தெரியும் என்றால் அன்றே மாற்றுங்கள்.

சிட்டிசன்ஷிப்புக்கு மூணு வருஷமா அஞ்சு வருஷமா?

மூன்று வருடச் சலுகை, அமெரிக்கக் குடிமகனோடு மணவாழ்க்கையில் சேர்ந்து வாழ்பவர்களுக்கு. விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று வருடமும் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், உறுதிமொழி எடுக்கும்வரை திருமணமும் நீடிக்க வேண்டும். இங்கே பிரிந்து வாழ்வதே சலுகையைக் கெடுத்துவிடும். எச்-4 பற்றிய பதிலில் சொன்னதற்கு இது நேர்மாறு என்பதைக் கவனியுங்கள்.

விவாகரத்தானால் ஐந்து வருடக் கணக்குக்குப் போவீர்கள், அவ்வளவுதான். கார்டில் குடியிருப்பு தொடங்கியதாக அச்சாகியிருக்கும் நாளிலிருந்து எண்ணலாம், இரண்டு வருட கார்டின் காலமும் இதில் சேரும். அமெரிக்கக் குடிமகனான துணையின் கொடுமைக்கு ஆளானவர் என்ற அடிப்படையில் கார்டு பெற்றவர்களுக்கு விவாகரத்துக்குப் பிறகும் மூன்று வருடமே போதும்.

நான்தான் ஸ்பான்சர். டைவர்ஸ் ஆனதும் என் பொறுப்பு முடிஞ்சிருச்சுல்ல?

முடியவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழி அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தம். விவாகரத்து அதைத் தொடுவதில்லை. நீங்கள் ஸ்பான்சர் செய்தவர் குடியுரிமை பெறுவது, சமூகப் பாதுகாப்புக் கணக்கில் 40 காலாண்டு வேலை சேர்வது, குடியிருப்பைக் கைவிட்டு நாட்டை விட்டே போவது, அல்லது இருவரில் ஒருவர் இறப்பது என்று ஒன்று நடக்கும்வரை அது நீடிக்கும். 40 காலாண்டு என்பது சுமார் பத்து வருட வேலை.

அதுவரை அவருடைய வருமானம் வறுமைக்கோட்டுத் தொகையின் 125 சதவீதத்துக்குக் கீழே போனால், மிச்சத்தை உங்களிடம் கேட்டு அவர் நீதிமன்றம் போகலாம். 2025 கணக்கில் தனி ஒருவருக்கு அது ஆண்டுக்குச் சுமார் 19,560 டாலர். விவாகரத்து ஒப்பந்தத்தில் ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் இந்தக் கடமை தானாக அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்பான்சர் செய்யப்பட்டவர்களுக்கும் சொல்கிறேன்: இது உங்களுக்கு உள்ள உரிமை, கையில் காசில்லாமல் நிற்கும் நாளில் இதை வழக்கறிஞரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

பையன் இங்கதான் பிறந்தான், அமெரிக்க சிட்டிசன். அவனை வச்சு நான் இருக்க முடியாதா?

அவனுக்கு 21 வயதாகும்வரை அவனால் உங்களுக்காக மனு போட முடியாது. குழந்தையின் பொறுப்பு உங்களிடம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் அது விசா ஆகாது. எச்-4-ல் இருக்கும் குழந்தைகள் விஷயம் வேறு: பெற்றோர் பிரிந்தாலும் அவர்கள் எச்-1பி வைத்திருப்பவரின் பிள்ளைகள்தான் என்பதால், 21 வயதுவரை அவர்களின் எச்-4 தொடரும். தாய் கிளம்ப வேண்டும், பிள்ளை இருக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. அதனால்தான் குழந்தைப் பொறுப்பையும் விசாவையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும் என்கிறேன்.

டைவர்ஸ் இந்தியாவுல வாங்கலாமா, இங்க வாங்கணுமா?

முறையான அதிகாரம் உள்ள இந்தியக் குடும்ப நீதிமன்றத்தின் தீர்ப்பை குடியேற்றத் துறை ஏற்கும். நோட்டரி முன் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரத்தை நம்பி எதுவும் செய்யாதீர்கள். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி பரஸ்பர சம்மதத்தில் பெற, ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சிக்கல் எதிர்த்திசையில்தான். இங்கே அமெரிக்காவில் ஒருவர் தனியாக வழக்குப் போட்டு, ஊரில் இருக்கும் துணை ஆஜராகாமலே தீர்ப்பு வாங்கிவிடுகிறார் என்று வையுங்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கண்ணில் விவாகரத்து ஆகிவிட்டது, எச்-4 முடிந்தது. ஆனால் 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, மற்றவர் அந்த நீதிமன்றத்தை ஏற்று வழக்கில் கலந்துகொள்ளாமல், இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தில் வந்த வெளிநாட்டுத் தீர்ப்பு பொதுவாக இந்தியாவில் செல்லாது. இங்கே விவாகரத்தானவர், அங்கே இன்னும் மனைவி. ஊரில் மறுமணம், சொத்து என்று வரும்போது இது வெடிக்கும். அமெரிக்க நோட்டீஸ் கைக்கு வந்தால் பேசாமல் இருந்துவிடாமல், பதில் போடுவதற்கு முன் இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஐ-751 ரிஜெக்ட் ஆயிட்டா உடனே கிளம்பணுமா?

உடனே இல்லை. நிராகரித்ததும் குடியேற்ற நீதிமன்றத்தில் ஆஜராகும்படி நோட்டீஸ் வரும். அங்கே நீதிபதி உங்கள் விண்ணப்பத்தைப் புதிதாக, முதலிலிருந்து பார்ப்பார். அதிகாரி நம்பாத ஆதாரத்தை அவர் நம்பலாம், புது ஆதாரமும் கொடுக்கலாம். இறுதி வெளியேற்ற உத்தரவு வரும்வரை உங்கள் குடியிருப்பு முழுதாகப் போய்விடுவதில்லை. அதைக் காட்டும் தற்காலிகச் சான்று கேட்கலாம். கூட்டாகப் போட்டது நிராகரிக்கப்பட்டு, அதற்குப் பிறகு தீர்ப்பு வந்திருந்தால், விலக்கு கேட்டு இன்னொரு ஐ-751 போடவும் முடியும். நீதிமன்றத் தேதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். வராதவர் மீது அன்றே வெளியேற்ற உத்தரவு போட முடியும்.

மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டு அவருக்கு நான் ஸ்பான்சர் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனால் ஒரு தடை உண்டு. திருமணத்தின் வழியாகக் கிரீன் கார்டு பெற்றவர், கார்டு கிடைத்து ஐந்து வருடத்துக்குள், கிரீன் கார்டு உள்ளவராகவே புதுத் துணைக்கு மனு போட்டால், முந்தைய திருமணம் பொய்யானதல்ல என்பதை மிகத் தெளிவான ஆதாரத்தோடு மறுபடி நிரூபிக்க வேண்டும். முதல் துணை இறந்திருந்தால் இது இல்லை. குடியுரிமை வாங்கியவருக்கும் இந்தத் தடை பொருந்தாது, ஐந்து வருடம் தாண்டியவருக்கும் இல்லை.

ஐ-751-க்காகச் சேர்த்த கோப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர்களுக்கு இது சிரமமாக இருப்பதில்லை. பழைய வாடகை ஒப்பந்தம், வரிப் படிவம், கல்யாணப் படங்கள், நீதிமன்ற முத்திரையுள்ள தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, உங்களுக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த இடத்தில் போட்டுவையுங்கள். தீர்ப்பின் முத்திரையிட்ட நகல் இரண்டு மூன்று கூடுதலாக நீதிமன்ற அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுமணப் பதிவுக்கும், பெயர் மாற்றத்துக்கும், புது மனுவுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.